கை தூக்கினால் நிறுத்துவேன்

எங்கள் எஸ்டேட்டின் பல் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு நர்ஸ்களில் இளையவர், போன மாதம் மருந்து அலமாரியின் சாவியை என்னிடமிருந்து வாங்கும்போது ஒன்று கேட்டார்.

"ஏனுங்கண்ணா, இத்தனை வருஷம் எப்படித்தான் இந்த வேலையில இருந்தீங்க? காலையில சனங்க வந்து பெஞ்சில உக்காந்தாலே எனக்கு வயித்தைப் பிசையுது. எழுதிக் கொடுத்துட்டு ஊட்டுக்குப் போயிடலாமான்னு இருக்குதுங்க."

 சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். எதிரே இருப்பவர் போன பிறகுதான் எனக்குப் பேச்சு வரும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனாலும் வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்கு எளிது. அந்தப் பெண்ணுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் வேலை தலை பிடிப்பது. கேட்டால் சிரிப்பார்கள். பல் பிடுங்கும்போது உட்கார்ந்திருப்பவரின் தலை ஆடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது. இருபது வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன். இப்போது வலது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நடுங்குகிற கையில் யார் தலையைக் கொடுப்பார்கள்? அதனால் ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே நானாக விலகிக்கொண்டேன்.

என் அத்தாவுக்குத் தேவர்சோலை பஜாரில் மளிகைக் கடை. என்னையும் கடையில்தான் உட்கார வைத்தார். வருகிறவர்களிடம் "என்ன வேணுங்க?" என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சம். "டேய் காதர், நீ தராசுக்குப் பின்னாலயே ஒளிஞ்சுக்கிட்டா யாவாரம் எப்படிடா நடக்கும்?" என்று அத்தா தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் சேரம்பாடிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் பாட்டில் கழுவுகிற வேலை கிடைத்தது. பாட்டில்களோடு பேச வேண்டியதில்லை. சில வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் செல்லம்மாள் சிஸ்டர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஊட்டியில் ஒரு பல் டாக்டரிடம் வேலை கற்றவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எஸ்டேட்டுக்கு வரும் அந்த டாக்டரே, மற்ற நாட்களில் கெட்ட பற்களை இவர் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். உரமூட்டை அடுக்கியிருந்த அறை ஒன்றைக் காலி செய்து கொடுத்தார்கள். தகரக் கூரை, ஒரு ஜன்னல், கை வைத்த மர நாற்காலி. தலை சாய்க்க நாற்காலியில் எதுவும் இல்லை. "தலைக்கு ஒரு பலகை அடிச்சுத் தாங்க" என்று சிஸ்டர் கேட்டார். பலகைக்குப் பதிலாக என்னை அனுப்பினார்கள்.

சிஸ்டர் உயரத்தில் சின்னவர். தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றுதான் வேலை செய்வார். வந்த அன்றே என்னை நாற்காலியில் உட்கார வைத்து என் தலையைத் தானே பிடித்துக் காட்டினார். மேல்பல் என்றால் நெற்றியை நெஞ்சோடு சேர்த்து அணைக்க வேண்டும். கீழ்ப்பல் என்றால் அது போதாது. பல் பிடுங்கும் குறடு கீழே அழுத்தும்போது தாடையும் கூடவே இறங்கும். அதனால் இரண்டு உள்ளங்கைகளையும் தாடைக்கு அடியில் கொடுத்து மேலே தாங்க வேண்டும். "ஒரு கையை எடுத்தீங்கன்னா தாடை ஓடிரும். தாடை ஓடினா பல்லு உடையும். அத மட்டும் மறந்துராதீங்க காதர்" என்றார். ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டேன். இடையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக்காரர் ஒருவர் என் கட்டைவிரலைக் கடித்துவிட்டார். தழும்பு இன்னும் இருக்கிறது.

பின்னால் நிற்கிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. என் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். நான் மட்டும் சிஸ்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். குறடுகளை ஸ்டவ்வில் கொதிக்க வைத்து எடுத்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரிலேயே போட்டு வைப்பார். அந்தக் குளிரில் இரும்பு சில்லென்று உதட்டில் பட்டாலே ஆள் துள்ளிவிடும். வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியை விளக்கில் லேசாகக் காட்டுவார். இல்லாவிட்டால் மூச்சுப் பட்டு மங்கிவிடும். குறட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிக்க மாட்டார். "இதுதானுங்க, பாத்துக்கோங்க" என்று எடுத்துக் காட்டுவார். எல்லா டாக்டர்களும் சொல்கிற "வலிக்காது" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"வலிக்குமுங்க. ஊசி போட்டா பாதி கொறையும். மீதி வலிக்கும். தாங்க முடியலேன்னா இடது கையைத் தூக்குங்க. நிறுத்திடுவேன்."

ஒவ்வொருவருக்கும் இதே ஐந்து வாக்கியம்தான். முதலில் பெண்கள் தயங்கினார்கள். "பல்லம்மா, பெரியவங்க முன்னால பீச்சாங்கையத் தூக்கறதா?" என்பார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லைனில் அவருக்குப் பல்லம்மா என்றுதான் பெயர். அவர் நிற்பது வலப்பக்கம். வலது கையைத் தூக்கினால் குறட்டில் இடிக்கும். அதை விளக்கிவிட்டு, "இந்த ரூமுக்குள்ள எல்லாக் கையும் கைதானுங்க" என்பார்.

கை தூக்குவதற்கு லைன் ஜனங்களிடம் வேறு ஓர் அர்த்தமும் உண்டு. தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கும்போது ஒரு பெண்ணுக்கு ஒதுங்கப் போக வேண்டும், அல்லது அட்டை கடித்துவிட்டது என்றால் கையைத் தூக்கி, வேலை வாங்குகிற மேஸ்திரிக்குக் காட்ட வேண்டும். மேஸ்திரி பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார். எங்கள் ராமன் மேஸ்திரி இதில் பேர் போனவர். ஆகவே, கை தூக்கினால் நிறுத்துவேன் என்று ஒருவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. முதல் மாதத்தில் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் சந்தைக்கு வருகிற நாவிதரிடம் போனார்கள். அவர் பிடுங்கிவிட்ட பல்லால் தாடை வீங்கி, முந்தின வருஷ மழையில் ஓர் ஆள் செத்தே போயிருந்தார். இருந்தும் அவரிடம்தான் போனார்கள். அவரைத் தெரியும், எங்களைத் தெரியாது.

ராமன் மேஸ்திரிக்கே பல் வலி வந்ததுதான் எங்களுக்கு அதிர்ஷ்டம். அவர் வருகிறார் என்று தெரிந்து கொழுந்துக்காரப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். சிஸ்டர் குறட்டை வாய் அருகே கொண்டுபோனார். மேஸ்திரி கையைத் தூக்கினார். சிஸ்டர் நிறுத்தினார். மறுபடி கொண்டுபோனார். மறுபடி கை. பல்லைத் தொடுவதற்குள் ஆறு தடவை.

"ஏனுங்க மேஸ்திரி," என்று வாசலிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள், "காட்டுல நாங்க தூக்கற கை உங்களுக்குத் தெரியறதில்ல. பல்லம்மாவுக்கு உங்க கை மட்டும் எப்படித் தெரியுது?"

"அம்மாவுக்குக் கண்ணு நல்லாயிருக்குதுடி" என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. நான் பிடித்திருந்த தலை சூடாகியது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஆறு தடவையும் முதல் தடவை போலவே, குறட்டைத் தண்ணீரில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஏழாவது தடவை மேஸ்திரி கையைத் தூக்கவில்லை. மறுவாரம் பெஞ்சு நிறைந்துவிட்டது.

சிஸ்டருக்குப் பயமே இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் அறைக்குப் பின்னால் சுவரைப் பிடித்தபடி அவர் வாந்தி எடுப்பதைப் பார்த்துவிட்டேன். திரும்பிப் போகப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"பயந்துக்காதீங்க காதர். பல்லு எடுக்கற நாள்லயெல்லாம் இப்படித்தான். அதனாலதான் காலையில வரக் காப்பியோட நிறுத்திக்கறது."

"டாக்டர்கிட்டச் சொல்லலாமுங்களே" என்றேன். என்னைப் பொறுத்தவரை அது நீளமான பேச்சு.

"இது சீக்கில்லீங்க. பயம். அந்த நாற்காலியில உக்கார்றவங்களுக்கு எவ்வளவு இருக்குதோ, அதுல கொஞ்சம் எனக்கும் இருக்கட்டும்" என்று சொல்லி முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு முழுவதும் அவர் கை ஒரு தடவைகூடத் தவறவில்லை.

இரண்டாவது வருஷம் எஸ்டேட் மேனேஜராகப் புதுத் துரை வந்தார். கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் கடிகாரத்தால் அளக்கிறவர். மழைக்கு முன் ஒரு நாள் வந்து, சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஒரு பல், ஏன் இவ்வளவு நேரம்? கை தூக்கறான், நீ நிக்கறே. பின்னால நிக்கற இந்த ஆள் சும்மாதானே? கையையும் பிடிக்கச் சொல்லு."

"அவங்க கை அவங்ககிட்டத்தான் இருக்கோணுமுங்க துரை" என்றார் சிஸ்டர்.

துரைக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் தெளிவாக ஒன்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம் முடிகிறவரை பார்ப்பார். ஜனங்கள் வருவது குறைந்தாலோ, இதேபோல் நேரம் இழுத்தாலோ அறை மறுபடியும் உரக் கிடங்குதான். மூடிவிட்டால் எல்லோரும் பழையபடி சந்தைக்குத்தான் போவார்கள். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆடி மழையில் மாரக்கா வந்தாள். முப்பது வயது இருக்கும், கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. கீழ்க் கடைவாய்ப் பல். கன்னம் வீங்கிக் கண்ணே சின்னதாகியிருந்தது. நல்ல காய்ச்சல். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. சிஸ்டர் ஊசி போட்டார், காத்திருந்தார், மறுபடி போட்டார். சீழ் பிடித்த இடத்தில் ஊசி மருந்து சரியாகப் பிடிக்காது. அதையும் மறைக்காமல் சொன்னார்.

"மாரக்கா, இது மத்ததவிட ரொம்ப வலிக்குமுங்க. விட்டா சீழ் கழுத்துக்கு இறங்கிரும். கை தூக்குங்க, நிறுத்திடறேன்."

மாரக்கா தலையாட்டினாள். நான் இரண்டு உள்ளங்கைகளையும் தாடைக்கு அடியில் கொடுத்தேன். சிஸ்டர் பெட்டிமேல் ஏறினார். அந்த நேரம் பார்த்து வாசலில் துரையின் நிழல் விழுந்தது. கையில் கடிகாரம்.

குறடு பல்லைப் பிடித்தது. சிஸ்டர் உள்ளே ஒரு தள்ளு, வெளியே ஒரு தள்ளு கொடுத்தார். பல் அசைந்தது. எனக்குக் கையில் தெரிந்தது. இன்னும் ஒரு தள்ளில் வந்துவிடும். அப்போது மாரக்காவின் இடது கை எழுந்தது.

நான் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். துரை பார்க்கிறாரே, இன்னும் ஒரே தள்ளுதானே, வலி சீக்கிரம் முடிந்துவிடுமே என்று நினைத்திருப்பேன். இடது கையைத் தாடையிலிருந்து எடுத்து, எழுந்த அந்தக் கையை நாற்காலியோடு சேர்த்து அழுத்தினேன்.

தாடை ஓடியது. 'டக்' என்று ஒரு சத்தம். பல்லின் தலை மட்டும் குறட்டில் வந்தது. வேர் உள்ளேயே நின்றுவிட்டது.

மாரக்கா என்னைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வாயிலிருந்து ரத்தம் முந்தானையில் வழிந்தது. "கையத் தூக்கினேன்" என்றாள். "புடிச்சு அமுக்கிட்டாங்க." பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துத்தான் சொன்னாள். சிஸ்டர் கூப்பிடக் கூப்பிட மழையில் இறங்கிப் போய்விட்டாள். பெஞ்சில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"குட்," என்றார் துரை. குறட்டில் பல்லைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாலு நிமிஷம். இப்படித்தான் செய்யணும்."

"முடியலீங்க துரை" என்றார் சிஸ்டர். "வேர் உள்ள இருக்குது. நிறுத்தறேன்னு சொல்லி நான் நிறுத்தல. இது என்ற தப்பு."

என் பெயரை அவர் சொல்லவே இல்லை. துரை போன பிறகு குறட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க காதர், அவங்க கையை நீங்க புடிச்சீங்களா?"

தலையாட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"சரிங்க. நாளைக்கு லைனுக்குப் போவோணும். என்ன நடந்துச்சுன்னு நீங்கதான் சொல்லோணும். நான் சொன்னா, பழிய உங்க மேல போட்டு என்னைக் காப்பாத்திக்கறேன்னு நெனப்பாங்க."

தராசுக்குப் பின்னால் ஒளிந்தவன் நான். 

மறுநாள் காலையில் லைனுக்குப் போனோம். மழையால் வேலைக்குப் போகாத பெண்கள் வாசல்களில் நின்றார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. மாரக்கா தன் வீட்டு வாசற்படியில் தாடையில் துணி கட்டி உட்கார்ந்திருந்தாள். வீக்கம் அதிகமாகியிருந்தது. பக்கத்தில் நின்ற அவள் நாத்தனார்தான் பேசினாள்.

"எதுக்கு வந்தீங்க பல்லம்மா? மிச்சப் பல்லையும் உடைக்கறதுக்கா? நீங்களும் மேஸ்திரி சாதிதான்னு தெரிஞ்சு போச்சு."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.  காலில் அட்டை ஏறுவது தெரிந்தும் குனியவில்லை.

"நாந்தான் புடிச்சேனுங்க," என்றேன். "அம்மா சொல்லல. துரை நின்னாரு, நான் பயந்துட்டேன். கையைப் புடிச்சது நான்தான். தாடைய விட்டதும் நான்தான். அதுலதான் பல்லு உடைஞ்சுது."

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அட," என்றாள், "இந்தாளுக்கு வாய் இருக்குதா!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாரக்கா சிரிக்கவில்லை. துணிக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள்: "மறுக்காத் தூக்கினா?"

"என்ற ரெண்டு கையும் உங்க தாடையிலதான் இருக்குமுங்க" என்றேன்.

"நான் நிறுத்துவேன்" என்றார் சிஸ்டர். "வேர் பாதி வந்திருந்தாலும் நிறுத்துவேன்."

மாரக்கா எழுந்து வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் லைனே நடந்து வந்தது. அனுதாபத்தில் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்க்க வந்தார்கள். கூட்டத்தைக் கண்டு, சண்டையோ என்று துரையும் வந்து வாசலில் நின்றார்.

வேர் எடுக்கக் குறடு உதவாது. ஒல்லியான நெம்புகோலைப் பல் குழிக்குள் விட்டுச் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். ஊசி பாதிதான் பிடித்திருந்தது. சிஸ்டரின் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை. வேர் மெல்ல மேலே வந்தது. சீழ் வழிய ஆரம்பித்தது. அதுதான் மிக மோசமான கட்டம். அப்போது மாரக்காவின் இடது கை எழுந்தது.

சிஸ்டர் நெம்புகோலை வெளியே எடுத்தார். தண்ணீரில் வைத்தார். பெட்டியிலிருந்து இறங்கி நின்றார்.

என் இரண்டு கைகளும் தாடையிலேயே இருந்தன. அவளுடைய நாடி என் விரல் நுனியில் குதித்துக்கொண்டிருந்தது. கை மேலேயே நின்றது. துரை கடிகாரத்தைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார், வாயைத் திறந்தார். வாசலை அடைத்து நின்ற பெண்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். துரை வாயை மூடிக்கொண்டார். விரல் நுனியில் நாடி கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவது எனக்குத் தெரிந்தது. பிறகு அந்தக் கை தானாக இறங்கி மடியில் படுத்தது.

சிஸ்டர் பெட்டிமேல் ஏறினார். இரண்டு நெம்பில் வேர் வந்துவிட்டது.

கழுவி, பஞ்சு வைத்துக் கடிக்கச் சொன்ன பிறகு, மாரக்கா பஞ்சோடு ஏதோ முணுமுணுத்தாள். சிஸ்டர் குனிந்து காது கொடுத்தார்.

"கடசீல வலி தாங்கிருப்பேனுங்க. சும்மாத்தான் தூக்கிப் பாத்தேன்."

"தெரியுமுங்க" என்றார் சிஸ்டர்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அடுத்த வாரம் பெஞ்சில் இடமில்லாமல் திண்டாடினார்கள். கை தூக்கியவர்கள் ரொம்பக் குறைவு. நிறுத்துவார்கள் என்று தெரிந்த பிறகு தூக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. அதனால் வேலையும் வேகமாக முடிந்தது. துரை கடிகாரத்தோடு இரண்டு தடவை வந்து பார்த்தார். அப்புறம் வரவில்லை. உரமூட்டைக்கு வேறு இடம் பார்த்தார்கள், அறை எங்களிடமே நின்றது.

செல்லம்மாள் சிஸ்டர் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். யுத்தம் முடிந்த பிறகு ஊருக்குப் போனார். கடைசி வாரம்கூட அறைக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். சுதந்திரம் வந்து, இப்போது துரைகளும் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறுகிறார்கள். அறைக்குத் தலை சாய்க்கும் பலகையோடு இரும்பு நாற்காலி வந்திருக்கிறது.

எனவே தங்கச்சி, வயிற்றைப் பிசைகிறது என்றால் அந்த வேலைக்கு நீ லாயக்கில்லை என்று நினைக்க வேண்டாம். நான் பார்த்ததிலேயே மிக நல்ல கைக்கு அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷம் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டாய். ஒரு நாள் ஒரு கையைப் பிடித்து அழுத்தினேன். மறுநாள் அதே ஆள் தன் தாடையை மறுபடி என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு எங்கே போவது?

வருகிற வியாழக்கிழமை என்னுடைய கடைவாய்ப் பல்லை நீதான் எடுக்கப் போகிறாய். இருபது வருஷம் பின்னால் நின்றவன் முதல் முறையாகப் பல்லைக் கொடுக்க முன்னால் உட்காரப் போகிறேன். பலமான வலி ஒன்றும் இருக்காது, பல் ஏற்கெனவே ஆடுகிறது. இருந்தாலும் ஒரு தடவை இடது கையைத் தூக்குவேன். சும்மாத்தான்.